கொம்பு இடம் மாறிய வேர்: கோலாலம்பூரில் ஒரு 48 மணி நேர விளையாட்டு

2023 பிப்ரவரி 4, சனிக்கிழமை காலை பத்தே கால் மணி. எங்கள் விளையாட்டின் முகப்புத் திரையில் முதன்முதலாக ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்த்தோம். 'வேர்'. இரண்டே எழுத்து. திரையில் வந்தது வேறு ஏதோ. 'வ' தனியாக நின்றது. அதற்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் 'ர'வோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புள்ளி தலையில் உட்காராமல் தோள் பக்கம் சரிந்து கிடந்தது.

"அண்ணே, எழுத்து பிச்சிக்கிச்சி" என்றான் நிரல் எழுதிக்கொண்டிருந்த தம்பி.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "வரே-ன்னுல இருக்கு. ஒண்ணாம் ஆண்டுப் பிள்ளைங்க இப்படித்தான் எழுதுவாங்க."

48 மணி நேரத்தில் 16 மணி நேரம் அதற்குள் போய்விட்டிருந்தது. கதை முழுக்கத் தமிழில். மாற்றாக ஆங்கிலத்தில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அங்கிருந்து ஞாயிறு மாலை ஆறு மணி வரை நாங்கள் எதைப் பிடித்தோம், எதை விட்டோம், நேரம் எங்கே போனது என்பதை என் குறிப்பேட்டைப் பார்த்தே எழுதுகிறேன். நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் சிரிப்பும் கூத்துமாக நடந்ததுபோல் தோன்றும். அப்படி நடக்கவில்லை.

ஜாம் என்றால்

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. குறித்த நேரத்துக்குள், அங்கேயே கொடுக்கப்படும் ஒரு தலைப்பை வைத்து, ஒரு கணினி விளையாட்டைத் தொடங்கி முடிப்பதுதான் கேம் ஜாம். தொழில்முறை ஆட்களும் வருவார்கள். ஆனால் கூட்டத்தில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலையோ படிப்போ உள்ளவர்கள். 2002-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கிறிஸ் ஹெக்கரும் ஷான் பாரெட்டும் சில நண்பர்களைக் கூட்டி நடத்திய இண்டி கேம் ஜாமில்தான் இந்தப் பெயர் பரவத் தொடங்கியது. அதே ஆண்டு ஜெஃப் ஹவ்லண்ட் இணையத்தில் லூடம் டேரைத் தொடங்கினார். பின்னாளில் அதில் இரண்டு பாதைகள் வந்தன: தனியாள் என்றால் 48 மணி நேரம், படம் இசை உட்பட எல்லாமே அந்த நேரத்துக்குள் தானே செய்ய வேண்டும், குழு என்றால் 72 மணி நேரம், விதிகளும் கொஞ்சம் தளர்வு. எங்களுடையது குளோபல் கேம் ஜாம். 2009 ஜனவரியில் 23 நாடுகளில் 53 இடங்களில் தொடங்கியது. ஊருக்கு ஊர் கூடம் பிடித்து உட்கார்ந்து செய்வது, உலகம் முழுக்க ஒரே தலைப்பு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று அந்த அமைப்பு எதுவும் தருவதில்லை. செய்த விளையாட்டை மூலநிரலோடு பொதுவில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

2023-க்கான தலைப்பு 'வேர்'. ஆங்கிலத்தில் பன்மையில், வேர்கள் என்று.

நான்கு பேர்

நான் பகலில் கணக்கு மென்பொருள் எழுதுகிறவன், நாற்பதைத் தாண்டியாயிற்று. தம்பி கல்லூரி இறுதியாண்டு. படம் வரையும் தங்கச்சி அவனுக்கு ஒரு வருடம் இளையவள். டீச்சர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. விளையாட்டு செய்வதில் அவருக்கு எந்தப் பழக்கமும் இல்லை; "கதை எழுத ஆள் வேணும்னீங்க, வந்துட்டேன்" என்று ஒரு பெரிய பாத்திரம் நிறைய சைவ மீஹூனோடு வந்திருந்தார். பாத்திரத்துக்குக் காரணம் உண்டு. அந்த ஞாயிறு, பிப்ரவரி 5, தைப்பூசம். தங்கச்சிக்கு விடியற்காலையில் பத்துமலையில் பால்குடம். 48 நாள் விரதத்தின் கடைசி மூன்று நாளில் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் கொடுத்த நாசி லெமாக்கை அவள் தொட முடியாது, நெத்திலி இருக்கும். "உங்களுக்கு 48 மணி நேரம், எனக்கு 48 நாளு" என்று சிரித்தாள்.

அப்புறம் ஒரு நிபந்தனையும் போட்டாள். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவாள். ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் திரும்புவாள். தைப்பூசத்தன்று இப்படி ஒன்றை வைத்தார்களே என்று எனக்கு எரிச்சல்தான். இந்த நிபந்தனை எங்களைக் காப்பாற்றப்போகிறது என்று அப்போது தெரியாது.

காகிதத்தில் இருந்ததும் கையில் வந்ததும்

வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தலைப்பைத் திரையில் காட்டினார்கள். ஆறரைக்கெல்லாம் டீச்சர் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறைத்துவிட்டார். அவருடைய பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1926-இல் கட்டி 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. நம் ஊரில் பல வீடுகளில் அந்தப் பெயர் சொந்தக்காரர் பெயர்போலப் புழங்கும். ஆக முதல் பாகம் கப்பல். இரண்டாம் பாகம் ரப்பர் தோட்டம்: விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), நிரை (மர வரிசை), பால்மரம், லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு). மூன்றாம் பாகம் தோட்டத்தை விற்றபின் கோலாலம்பூரில் அடுக்குமாடி. ஒவ்வொரு பாகத்திலும் மூன்று நான்கு கட்டம். மொத்தம் பதினொன்று.

நல்ல கதை. எங்கள் நால்வரால் ஒரு வருடத்தில் முடிக்கலாம்.

இந்த இடத்தில்தான் முதல்முறை வருகிறவர்கள் தடுமாறுவார்கள். வெட்டு என்று சொன்னால் பாதியாக வெட்டுவார்கள்: பதினொன்றை ஆறாக்குவார்கள். ஆறும் முடியாது. நான் டீச்சரிடம் கேட்டது ஒன்றுதான்: "இதுல ஒரே ஒரு நிமிஷம் மட்டும் வெச்சுக்கலாம்னா எதை வெச்சுக்குவீங்க டீச்சர்?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, லயத்தின் பின்பக்கம் மண்ணைத் தோண்டி விளையாடும்போது உடைந்த வளையல் துண்டு கிடைக்குமே, அதை வைக்கலாம் என்றார். கப்பல் போயிற்று. அடுக்குமாடி போயிற்று. தோட்டத்தில்கூட மண்ணுக்கு மேலே நடப்பது எல்லாம் போயிற்று.

மிஞ்சியது இது. நீங்கள் ஒரு ரப்பர் மரத்தின் ஆணிவேர். இருட்டில், கற்களுக்கு இடையே, அம்புக்குறி விசைகளை அழுத்தி நெளிந்து நெளிந்து கீழே இறங்குகிறீர்கள். ஒவ்வொரு அடிக்கும் ஈரம் கொஞ்சம் குறையும். வழியில் லயத்து மனிதர்கள் தொலைத்த ஏழு பொருள்கள்: வளையல் துண்டு, கோலி, சிலேட்டுக் குச்சி, அந்தக் காலத்துச் சதுர ஒரு சென் காசு, ரப்பர் பால் பிடிக்கும் உடைந்த மங்கு, ஒற்றைக் கொலுசு, பொம்மைத் தலை. வேர் எதையாவது தொட்டால் மேலேயிருந்து ஒரு குரல் வரிவரியாக எழுத்தில் வரும். காசைத் தொட்டால் இப்படி:

"சம்பள நாளு. கையில இருந்து விழுந்துச்சி. தேடித் தேடி இருட்டிப்போச்சி."

வளையலுக்கு: "தீபாவளிக்கு வாங்குனது. பொங்கலுக்குள்ள ஒடஞ்சிருச்சி."

மொத்தம் 29 வரிகள். இரவு பதினொன்றுக்குள் டீச்சர் எல்லாவற்றையும் எழுதி முடித்து, நாற்காலி மூன்றைச் சேர்த்துப் போட்டுத் தூங்கிவிட்டார். கூடத்தில் குளிர்சாதனம் எலும்பைக் குத்தியது. தம்பி இரண்டு மணி வரை உட்கார்ந்து வேர் நெளிவதைச் சரிசெய்தான். அது உண்மையிலேயே அழகாக வந்தது. வளைந்த இடத்தில் லேசாகத் தடித்து, நுனியில் மயிரிழைபோல மெலிந்து. அன்றிரவு எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதாக என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. வேர் நெளிகிறதா என்று பத்து தடவை பார்த்தோம். எழுத்து தெரிகிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கொம்பு ஏன் இடம் மாறியது

நாங்கள் பயன்படுத்தியது கோடோ 3.5, விளையாட்டு செய்வதற்கான மென்பொருள். இலவசம், சிறியது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். இன்று கணினிகள் பயன்படுத்தும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'வே' என்று எழுதினால் கணினிக்குள் முதலில் 'வ', அடுத்து இரட்டைக்கொம்பு என்ற வரிசையில் இருக்கும். நாம் சொல்லும் ஒலியின் வரிசை அது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது தனி வேலை. உலாவியிலும் கைப்பேசியிலும் ஹார்ஃப்பஸ் மாதிரியான ஒரு நிரலகம் பின்னணியில் அதைச் செய்துவிடுகிறது. நாம் கவனிப்பதே இல்லை. கோடோ 3-இல் அந்த ஏற்பாடு கிடையாது. வந்த வரிசையில் எழுத்தை அப்படியே அச்சுக் கோத்துவிடும். ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் அது போதும். தமிழுக்குக் கொம்பு தடம் மாறும், 'மு' என்பது 'ம'வும் பக்கத்தில் ஒரு தனி வளைவுமாகப் பிரியும். இன்னொரு விளையாட்டு மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்ட எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும் அப்போது இதே கதைதான், அதனால் பக்கத்து மேசைக்காரர்களைக் கேட்டும் பயனில்லை. அவர்களுக்கு நாங்கள் சொன்ன பிரச்சினையே புரியவில்லை. "எழுத்துரு தப்பா இருக்கும்" என்றார்கள். ஐந்து எழுத்துரு மாற்றிப் பார்த்தோம். ஐந்திலும் கொம்பு ஓடியது.

மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் முயன்றோம், பெரிய தவறு அதுதான்.

முதல் வழி, கோடோ 4. தமிழ் போன்ற எழுத்துமுறைகளைச் சரியாகக் கோக்கும் வசதி அதில் சேர்ந்திருந்தது. ஆனால் அந்த வாரம் அது இன்னும் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு; 4.0 வெளிவந்தது மார்ச் 1-ஆம் தேதி, எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு 24 நாள் கழித்து. இருந்தாலும் தம்பி இறக்கிப் போட்டான். வகைகளின் பெயர்கள் மாறியிருந்தன, நகர்த்தும் செயற்கூறு மாறியிருந்தது, காத்திருக்கச் சொல்லும் கட்டளை மாறியிருந்தது. நேற்றிரவு அழகாக நெளிந்த வேர் இப்போது மண்ணைப் பிய்த்துக்கொண்டு வானத்தில் பறந்தது. ஐம்பது நிமிடத்தில் கைவிட்டோம்.

இரண்டாம் வழி, எழுத்தைப் படமாக்குவது. ஒவ்வொரு வரியையும் வரைகலை மென்பொருளில் தட்டி, படக்கோப்பாகச் சேமித்து, திரையில் ஒட்டுவது. தமிழில் விளையாட்டு செய்த பலர் இப்படித்தான் சமாளித்திருக்கிறார்கள். தங்கச்சி 12 வரிகள் செய்து முடித்தபோது டீச்சர், "அந்த மூணாவது வரியில 'தேடி'யை எடுத்துட்டா நல்லா இருக்குமோ?" என்றார். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானே நிறுத்தச் சொன்னேன். எழுதுகிறவர் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் வரைகிறவள் எழுந்து வர வேண்டும் என்ற நிலை வந்தால் இரண்டு பேர் வேலையும் கெடும்.

மூன்றாம் வழி என் வயதால் கிடைத்தது. நான் தமிழ்த் தட்டச்சு பழகியது யூனிகோடு பரவும் முன், நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில். அந்தக் காலத்து எழுத்துருக்கள் வேறு மாதிரி. 1990-களின் கடைசியில் இணையத் தமிழர்கள் கூடிப் பேசி வகுத்த திஸ்கி குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அதே வரிசையில்தான் சேமிப்பு: முதலில் கொம்பு, அப்புறம் மெய். கு, கூ, மு, மூ எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். புள்ளி வைத்த எழுத்துகளுக்கும் தனி இடம். கோக்கத் தெரியாத மென்பொருளிலும் தமிழ் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். கோடோ 3-உம் கோக்கத் தெரியாத மென்பொருள்தானே?

யூனிகோடு வரியைத் திஸ்கி வரிசைக்கு மாற்ற அறுபது வரியில் ஒரு நிரல் எழுதினேன். ஒரு திஸ்கி எழுத்துருவை விளையாட்டுக்குள் வைத்தோம். முதல் முறை ஓட்டியபோது 'கொலுசு' 'கெலுசு' ஆகிவிட்டது. கொகர வரிசையை முதலில் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்த பிறகே கொம்பை நகர்த்த வேண்டும். நான் மாற்றிச் செய்திருந்தேன். அதைத் திருத்தியதும், மாலை நான்கு மணிக்கு, 'வேர்' வேராக வந்தது. தம்பிக்கு அந்த எழுத்துரு பிடிக்கவில்லை. "பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு அண்ணே." இருந்தது. விட்டுவிட்டோம்.

ஒரு சின்னச் சேதாரம் மிஞ்சியது. வரிகள் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டச்சு ஓசையோடு தோன்ற வேண்டும் என்று வைத்திருந்தோம். இப்போது கொம்பு முதலில் தனியாக வந்து நின்று, மெய்யெழுத்துக்காக ஒரு நொடி காத்திருந்தது. பார்க்கப் பேய்போல இருந்தது. சொல் சொல்லாகத் தோன்றும்படி மாற்றினோம். டீச்சர் இதுவே மேல் என்றார். பேசுகிற குரல்போல இருக்கிறதாம். அவர் சொன்னது சரிதான்.

ஜாகா ஐயா

தங்கச்சி ஒன்பது மணிக்குச் சொன்னபடி கிளம்பிவிட்டாள். போவதற்கு முன் எல்லாப் படத்தையும் பெயரிட்டு, அடுக்கி, கைமாற்றிவிட்டாள். அதன்பின் புதிதாக ஒரு படம்கூடக் கேட்க முடியாது. கேட்கவும் இல்லை.

ஞாயிறு விடிகாலை மூன்று மணி வாக்கில் கட்டடத்துக் காவலர் (ஜாகா) சுற்றிவரும்போது எங்கள் மேசையில் நின்றார். அறுபது வயதிருக்கும். திரையில் தமிழைப் பார்த்ததும் கைவிளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, கொஞ்சம் விளையாடிப் பாக்குறீங்களா?" என்றான் தம்பி. அவர் விசைகளைத் தொடவில்லை. தம்பி வேரை நகர்த்த, அவர் வரிகளை வாய்விட்டுப் படித்தார். மங்கு வந்தபோது லேசாகத் தலையசைத்தார். பிறகு விரலை நீட்டித் திரையின் மேற்பக்கத்தைக் காட்டினார். அங்கே மண்ணுக்கு மேல் வரிசையாகப் பன்னிரண்டு ரப்பர் மரங்கள், வெட்டுக் கோடும் மங்குமாக.

"பாதி மரத்துல கோடு எதிர்ப்பக்கம் சரியுது, தம்பி. இப்படி வெட்டுனா கங்காணி ஏசுவாரு."

வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும் என்றார். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக நிற்பதில்லை. கீழே இடமிருந்து மேலே வலமாகக் கொஞ்சம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடமிருந்து வலம் இறங்கும் கோட்டில்தான் அதிகக் குழாய் அறுபடும், பாலும் அதிகம் வரும். அவர் குழாய்க் கணக்கெல்லாம் சொல்லவில்லை, அது நான் பிறகு படித்தது. அவர் சொன்னது, "அப்பத்தான் மரம் கொடுக்கும்."

தங்கச்சி தவறாக வரைந்துவிட்டாளோ என்று பார்த்தோம். இல்லை. நிழற்படத்தைப் பார்த்துச் சரியாகத்தான் வரைந்திருந்தாள், மூன்றே மரங்கள். மூன்றை வைத்துப் பன்னிரண்டு காட்ட வேண்டும் என்று தம்பி பாதியைக் கண்ணாடிபோல் புரட்டிப் போட்டிருந்தான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்யும் சிக்கனம் அது. ஒரே ஒரு குறியை நீக்கியதும் பன்னிரண்டு மரமும் நேரானது. வேறுபாட்டுக்கு உயரத்தை மட்டும் கூட்டிக் குறைத்தோம். இரண்டு நிமிட வேலை. ஜாமில் எத்தனையோ பேரிடம் விளையாடக் கொடுத்துக் கருத்து கேட்டிருக்கிறேன். இந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாக எதுவும் கிடைத்ததில்லை. அவர் எந்தத் தோட்டம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

கடைசி இரண்டு மணி நேரம்

ஞாயிறு மாலை மூன்று ஐம்பதுக்கு உலாவியில் ஓடும்படி ஏற்றுமதி செய்தோம். ஏழு பொருளில் ஆறு இருந்தது. மங்கைக் காணோம். எங்கள் கணினியில் இருக்கிறது, உலாவியில் இல்லை. அரை மணி நேரம் தேடிய பிறகு தெரிந்தது: கோப்பின் பெயர் பெரிய எம்-இல் தொடங்கியது, நிரலில் சின்ன எம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். ஏற்றுமதி செய்த பொட்டலம் பார்க்காது. ஜாம் தோன்றிய நாளிலிருந்து எத்தனை குழுவை இது கடித்திருக்குமோ. எனக்கே இது மூன்றாம் முறை, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஐந்து மணிக்குப் பதிவேற்றினோம். அதற்குள் தங்கச்சி திரும்பியிருந்தாள். 272 படி ஏறி இறங்கிய கால், நெற்றியில் திருநீறு, கண் முழுக்கத் தூக்கம். விளையாட்டைப் பார்க்காமல் மேசையில் தலை வைத்தவள் ஆறு மணி கைதட்டலுக்குத்தான் எழுந்தாள்.

பிறகு எல்லோரும் எல்லோருடையதையும் விளையாடும் நேரம். எங்கள் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சீனரும் மலாய்க்காரரும். வேர் நெளிவதை ரசித்தார்கள், பொருளைத் தொட்டார்கள், எழுத்து வந்ததும் நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, டீச்சர் தமிழில் ஒருமுறை வாசித்து, மலாயில் அர்த்தம் சொன்னார். அடுத்தவர் வந்தார், மறுபடி வாசித்தார். ஒரு கட்டத்தில் விசையை ஒருவர் பிடிக்க, ஆறேழு பேர் சுற்றி நின்று டீச்சர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் செய்த விளையாட்டைவிட அது நன்றாக இருந்தது. அவருடைய கைப்பேசியிலேயே 29 வரியையும் பதிவுசெய்ய அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கும். வெள்ளி இரவே குரல்பதிவு வேண்டாம், நேரமில்லை என்று வெட்டியவன் நான்தான்.

நேரம் போன வழி

எழுத்துச் சிக்கலுக்குப் போனது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதில் சரியான வழிக்குப் பிடித்தது மூன்றரை. மீதி, முதல் இரண்டு வழிகளில் கரைந்தது. வெள்ளி இரவே ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்திருந்தால் நான்கு நிமிடத்தில் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் தூங்கப்போகுமுன் வழியையும் யோசித்திருப்பேன்.

படங்கள்தான் எங்கள் வேலையில் இழுபறியே இல்லாமல் முடிந்த ஒரே பகுதி. தங்கச்சி எங்களைவிடத் திறமைசாலி என்பது ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. அவளுக்கு மட்டும் கெடு சனி இரவு ஒன்பது. முருகனிடம் போய் இன்னும் ஒரு மணி நேரம் கொடு என்று கேட்க முடியாது. அதனால் மாலையிலேயே எதை விடுவது என்று அவள் முடிவெடுத்தாள்: லயத்தின் பின்புறப் படத்தை விட்டாள், பொம்மைத் தலையை இரண்டு நிறத்தோடு நிறுத்தினாள். எங்கள் மூவருக்கும் கெடு ஞாயிறு ஆறு மணி. அது தூரத்தில் இருந்ததால் மூன்று வழியையும் முயன்று பார்க்கும் சோம்பேறித்தனம் எங்களுக்கு வாய்த்தது. 48 மணி நேரம் என்ற பெரிய சுவர் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. கடைசி இரண்டு மணி நேரத்தில் மட்டும் அவசரப்படுத்தும். உள்ளே யாருக்காவது நிஜமாகவே கிளம்ப வேண்டிய நேரம் ஒன்று இருந்தால்தான் வேலை நடக்கிறது.

ஜாமைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது பெரிய பெயர்களை இழுப்பார்கள். சர்ஜன் சிமுலேட்டர் 2013-இல் இதே குளோபல் கேம் ஜாமில் பிறந்தது. பாபா இஸ் யூ 2017-இல் நார்டிக் கேம் ஜாமில். உண்மைதான். ஆனால் பாபா இஸ் யூ கடைக்கு வந்தது 2019 மார்ச்சில், ஜாமுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து. 48 மணி நேரத்தில் பிறந்தது யோசனை, விளையாட்டு அல்ல. எங்கள் விளையாட்டைப் பிறகு எத்தனை பேர் விளையாடினார்கள் என்று நான் பார்க்கவில்லை. அதற்காகப் போகவும் இல்லை.

பிறகு

கோடோ 4.0 வந்த மாதமே தம்பி விளையாட்டை அதற்கு மாற்றினான். இந்த முறை அவசரமில்லை, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டான். 'வேர்' என்று யூனிகோடில் தட்டினால் வேர் என்றே வந்தது. என் அறுபது வரியை நீக்கிவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்பினான், அழும் முகத்தோடு. கல்யாணப் பத்திரிகை எழுத்துருவும் போயிற்று.

அப்புறம் உலாவியில் ஏற்றிப் பார்த்தான். தமிழ் இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. காரணம் வேடிக்கையானது. 4-இல் நாம் எழுத்துரு கொடுக்காவிட்டாலும் அது கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருவைத் தானே எடுத்துக்கொள்ளும். அவன் கணினியில் அதனால்தான் தெரிந்திருக்கிறது. உலாவிக்குள் அப்படி எடுத்துக்கொள்ள வழியில்லை. எழுத்துருக் கோப்பை விளையாட்டோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். சேர்த்தான், சரியானது. டீச்சரின் குரலையும் அப்போதுதான் பதிவுசெய்தோம், பள்ளி விடுமுறையில், அவர் வீட்டு அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு.

அடுத்த முறை ஜாமுக்குப் போனபோது தலைப்பு அறிவிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தம்பி வெற்றுத் திரையில் ஐந்து சொற்களைத் தட்டி, ஏற்றுமதி செய்து, தன் கைப்பேசி உலாவியில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கெளுத்தி, கொய்யா, முறுக்கு, பௌர்ணமி, ஸ்ரீ. ஒற்றைக்கொம்பு, கொம்பும் காலும், உகரம் இரண்டு வகை, ஔகாரம், கடைசியில் கூட்டெழுத்து. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்து, தலைப்பே இன்னும் வரவில்லையே, என்ன எழுதியிருக்கிறாய் என்று மலாயில் கேட்டான்.

"சாப்பாட்டு லிஸ்ட்" என்றான் தம்பி.